சரிகை கிழித்த கோடு

கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகள் 1838ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் நகரத்தில் ஆடினார்கள். தார்திவேல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் எழுதி, நட்டுவனார், வாத்தியக்காரர் சகிதம் கப்பலேற்றி அழைத்துப்போன குழு அது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதிவைத்த பெயர்களைத் தமிழாக்கிப் படித்தால் தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம் என்று வருகிறது. வேதம் சின்னஞ்சிறுமி. அரசர் லூயி பிலிப் முன்னிலையில் ஆடினார்கள். வரியேத்தே அரங்கில் சீட்டு வாங்கிக்கொண்டு ஊரே வந்து பார்த்தது. கவிஞர் தியோஃபில் கோத்தியே அம்மணியின் ஆட்டத்தில் மயங்கிப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அம்மணியைச் சிறு வெண்கலச் சிலையாக வார்த்தார்.

அதே ஆண்டு, அதே பாரிஸில், லூயி டாகேர் என்பவர் தன் கட்டடத்து மாடி ஜன்னலில் ஒரு பெட்டியை வைத்துக் கீழே தெரிந்த பெரிய சாலையைப் படமெடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் வெளிச்சம் பதியப் பல நிமிஷங்கள் பிடித்தன. குதிரை வண்டியும் ஆளுமாக எப்போதும் நெரியும் சாலை அது. தகட்டிலோ வெறிச்சோடிக் கிடந்தது. நடந்தவர், ஓடியவர், வண்டி ஓட்டியவர் ஒருவரும் இல்லை. தெரு முனையில் காலை நீட்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும், அசையாமல் நின்ற காரணத்தால், படத்தில் தங்கினார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்று என்று இன்று சொல்லப்படுவது அதுதான். டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஜனவரியில். அதற்குள் திருவந்திபுரத்துப் பெண்கள் பாரிஸை முடித்துக்கொண்டு லண்டனிலும் ஆடியிருந்தார்கள்.

சில மாதங்கள் பொறுத்திருந்தால் அம்மணியின் புகைப்படம் நமக்குக் கிடைத்திருக்குமோ என்று ஏங்க இடமில்லை. டாகேரின் பெட்டிக்கு முன்னால் அவர் ஒரு வர்ணம் முழுக்க ஆடியிருந்தாலும் தகட்டில் பின்னால் இருந்த சுவர்தான் பதிந்திருக்கும். அசைந்தவர் எவரோ அவரை அழித்துவிட்டுத்தான் புகைப்படக்கலை பிறந்தது. அந்தக் கலைக்கும் தமிழ்நாட்டு ஆட்டத்துக்கும் இடையே நடந்த இழுபறியில் இரண்டு பொருள்கள் பெரிய பங்கு வகித்தன. ஒன்று விளக்கு, மற்றது துணி. இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஆரணி நல்ல ஊர்.

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியைச் சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் போருக்காகத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே ரஸா சாகிபின் படையையும் பிரெஞ்சுக்காரர்களையும் முறியடித்தார். 1782 ஜூனில் ஐர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் இங்கே மோதின. மராத்திய ஜாகீர்தார்கள் சத்தியவிஜய நகரத்தில் அரண்மனை கட்டி ஆண்டார்கள். இவற்றையெல்லாம் தாண்டி நின்றது ஊரின் நிரந்தரத் தொழிலான நெசவு. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லினுக்கு வெளிநாட்டிலும் பெயர் இருந்தது. பிறகு பட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சௌராஷ்டிர மொழியும் வாசலில் தமிழும் பேசும் குடும்பங்கள் உட்படப் பல சமூகத்தார் இங்கே தறியில் உட்கார்ந்தார்கள். இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

காஞ்சிபுரத்திலிருந்து ஆரணி அதிக தூரமில்லை. சேலையில் மட்டும் வித்தியாசம் கையில் எடுத்ததுமே தெரியும். காஞ்சிபுரம் கல்யாணச் சேலைக்குக் கனம்தான் பெருமை. ஆரணிச் சேலை பொதுவாக லேசு, அகலம் குறைந்த கரை, அடக்கமான விலை. நடன உடை தைப்பவர்கள் தேடுவதும் இந்த லேசைத்தான். ஆறு கெஜத்தை வெட்டி, விசிறி மடிப்பாக அடுக்கித் தைத்து, அரைமண்டியில் உட்காரும்போது விரியவும் எழும்போது மூடவும் வைக்க வேண்டும் என்றால் துணி காலோடு போய்க் காலோடு திரும்ப வேண்டும். கனத்த பட்டு தன் போக்கில் தாமதமாக வரும்.

சரிகையை ஒருமுறை கிட்டே வைத்துப் பார்ப்பது நல்லது. சுத்தச் சரிகை என்பது பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. சுற்றிய கம்பி தட்டை என்பதால் ஒவ்வொரு சுற்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. நேர் வெளிச்சத்தில் வெறும் மஞ்சளாகத் தெரியும் கரை, துணி மடங்கித் திரும்பும் கோணத்தில் சட்டென்று வெள்ளையாக எரியும். பட்டு இழைக்கும் அந்தக் குணம் ஓரளவு உண்டு. அதன் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம் என்பதால், உருண்டையான நூலைப் போல் வெளிச்சத்தைச் சிதறவிடாமல் திருப்பி அடிக்கும். எண்ணெய் விளக்கு எரிந்த கோயில் மண்டபத்திலும் சதிர்க் கச்சேரியிலும் ஆடியவர்கள் பட்டும் சரிகையும் உடுத்தியதில் செல்வச் செழிப்பைக் காட்டும் ஆசை மட்டும் இல்லை. மங்கிய ஒளியில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு எங்கே, கால் எங்கே, கை எங்கே போகிறது என்று காட்டித் தந்தது அந்தக் கரைதான்.

கேமரா சென்னைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹன்ட்டரின் முயற்சியில் 1856ல் சென்னைப் புகைப்படக் கழகம் அமைந்தது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858ல் அவர் எடுத்த மதுரை, தஞ்சாவூர், திருச்சிப் படங்கள் இன்றும் பார்ப்பவரை அசத்தும். ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு சுதைப் பொம்மையும் துல்லியம். ஆள் மட்டும் இல்லை. மதுரைக் கோயில் பிராகாரம் ஆளில்லாமல் கிடந்த நாள் ஏது? மெழுகு தடவிய காகித நெகட்டிவுக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் பக்தர் கூட்டம் வந்தது, போயிற்று, பதியவில்லை.

பிறகு பரவிய ஈரத் தகட்டு முறையில் நிமிஷங்கள் நொடிகளாகச் சுருங்கின. நிக்கோலஸ் போன்ற சென்னை ஸ்டுடியோக்கள் நாட்டியக்காரிகளை அழைத்துப் படமெடுத்து ஐரோப்பியர்களுக்கு விற்றன. இந்தப் படங்களைப் பார்க்காதவர் குறைவு. முன்வரிசையில் நகையும் சேலையுமாகப் பெண்கள், பின்னால் தாளத்தோடு நட்டுவனார், முகவீணைக்காரர், துத்திக்காரர், மத்தளத்தை இடுப்பில் கட்டியவர். எல்லோர் முகத்திலும் ஓர் இறுக்கம். ஸ்டுடியோக்களில் கழுத்துக்குப் பின்னால் தெரியாமல் முட்டுக்கொடுக்க இரும்புக் கவை வைத்திருந்த காலம் அது. நீட்டிய கை நடுங்கினால் விரல்கள் கரைந்துபோகும். ஆகவே முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக் கையை மடக்கிக் காட்டும் நிலைகளே அதிகம். உயர்த்திய கால் அநேகமாகக் கிடையாது. ஒற்றைக் காலில் பத்து நொடி துளியும் ஆடாமல் நிற்பது ஆட்டக்காரிக்கும் சுலபமில்லை.

இதில் நமக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. 1892ல் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் அரசுக்கு மனுப் போட்டபோதும், 1932ல் சென்னை சங்கீத வித்வத் சபை சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றுத் தீர்மானம் போட்டபோதும், 1947ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் தடுத்தபோதும், அதற்கு முந்தைய ஆட்டத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி என்று இருந்தவற்றில் பெரும்பகுதி இந்த அசையாத படங்களே. அவற்றைப் பார்த்த பிற்காலத்தவர், பழைய சதிர் ஏதோ மந்தமான ஆட்டம் என்று எண்ணிக்கொள்ள இடம் உண்டானது. ஜதிக்கு இறங்கி ஆடிய கால் ஒன்றைக்கூட அந்தத் தகடுகள் நமக்குக் காட்டவில்லை. மந்தம் ஆடியவரிடம் இல்லை, தகட்டில் இருந்தது. இதைப் பழைய படங்களை அச்சிடும் ஒவ்வொரு நூலும் படத்தின் கீழே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

மேற்கில் இதற்குள் இரண்டு விதமாக யோசித்தார்கள். 1870களின் கடைசியில் ஷட்டரை நொடியின் சிறு பின்னமாக வெட்ட முடிந்தது. மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடும் குதிரையை வரிசையாகத் துண்டு போட்டார். மாரே என்ற பிரெஞ்சு அறிஞர், ஒரே தகட்டில் ஒருவரின் அசைவைப் பல தடவை பதித்தார். இது முதல் வழி, அதாவது அசைவை நிறுத்திப் பார்ப்பது. இரண்டாவது வழிக்காரர்கள் தாமதத்தை வேண்டுமென்றே கையில் எடுத்தார்கள். 1911 வாக்கில் இத்தாலியில் பிரகாலியா, ஷட்டரைத் திறந்துவைத்து ஆள் நகர்வதை அப்படியே ஒரு புகைத் தடமாகப் பதித்தார். அமெரிக்காவில் பத்திரிகை வடிவமைப்பாளராக இருந்த அலெக்ஸி பிராடோவிச் 1935 முதல் 1937 வரை ரஷ்ய பாலே குழுக்களைச் சிறிய 35 மி.மீ. கேமராவில், ஃபிளாஷ் இல்லாமல், மேடை வெளிச்சத்திலேயே எடுத்தார். கலங்கலும் மங்கலுமாக வந்த அந்தப் படங்களைக் குறை என்று ஒதுக்காமல் 1945ல் ‘பாலே’ என்ற புத்தகமாகவே போட்டார். அச்சானவை சில நூறு பிரதிகள்தான். நடனப் புகைப்படத்தின் போக்கை மாற்றிய புத்தகம் என்று இன்றைக்குப் போற்றப்படுகிறது.

பிரகாலியாவுக்கும் பிராடோவிச்சுக்கும் முன்னால், துணியே ஆட்டத்தின் பாதி என்று காட்டியவர் லோயி ஃபுல்லர். 1892ல் பாரிஸ் மேடையில் அந்த அமெரிக்கப் பெண் கெஜக்கணக்கான மெல்லிய பட்டைக் கோல்களில் பூட்டிச் சுழற்றி, அதன்மேல் வண்ண விளக்குகளைப் பாய்ச்சி ஆடினார். உடல் மறைந்து பட்டு மட்டும் ஆடிற்று. 1900 வாக்கில் சாமுவேல் பெக்கெட் என்பவர் அவரைத் திறந்தவெளியில் எடுத்த படங்களில் பட்டு அலையலையாய் எழுந்து நிற்கிறது. அசைவைப் படத்தில் காட்டக் காற்றில் எழும் லேசான துணி ஒன்று போதும் என்று அந்தப் படங்கள் நிரூபித்தன.

சென்னையில் துணியும் ஆட்டமும் மறுபடி சந்தித்தது 1930களில். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பர் கடைசியில் அடையாறு பிரம்மஞான சபையில் முதல்முறையாக மேடையேறினார். பைஜாமா மேல் சேலையைச் சுற்றிக் கட்டும் பழைய முறையை மாற்றி, காஸான் என்ற இத்தாலியப் பெண்மணியின் உதவியோடு, சேலையை வெட்டித் தைத்த உடையை அமைத்தார். இன்று உலகம் முழுக்க அரங்கேற்ற மேடைகளில் பார்க்கும் விசிறி மடிப்பு உடைக்கு அங்கேதான் வேர். 1936ல் கலாக்ஷேத்திரம் தொடங்கினார், அடுத்த ஆண்டே அதற்குள் தறிகளைப் போட்டுப் பழைய காஞ்சிபுரப் புட்டாக்களையும் கரைகளையும் நெய்யவைத்தார். ஆடுபவர் ஒருவர் தன் பள்ளிக்குள் தறி போட்டது தற்செயல் இல்லை. மேடையில் மின்விளக்கு வந்துவிட்டது. எந்த நிறம் அதில் வெளுக்கும், எந்தக் கரை எரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ருக்மிணி தேவியைப் படமெடுத்தவர்களில் சி. நாச்சியப்பன் முக்கியமானவர். கலாக்ஷேத்திரத்தின் அச்சகத்தையும் பதிப்புப் பணியையும் கவனித்த இவர் பிற்காலத்தில் துறவு பூண்டு கோவிலூர் மடத்தின் தலைவரானார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கண்ணின் கோணம், விரலின் நுனி, கரையின் ஒவ்வொரு மடிப்பும் தெளிவு. ஒவ்வொரு நிலையும் ஒரு செப்புத் திருமேனி. அந்தப் படங்கள் அந்தத் தலைமுறைக்குத் தேவைப்பட்டன. இழித்துப் பேசப்பட்ட ஓர் ஆட்டத்துக்குச் சிற்பத்தின் கௌரவத்தை அவை வாங்கித் தந்தன. ஆனால் பழைய தகடு கட்டாயத்தால் செய்ததைப் புதிய கேமரா விருப்பத்தால் தொடர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிதம்பரம் கோபுரத்துக் கரணச் சிற்பங்களும் ஸ்டுடியோப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி, பரதம் என்றால் நிலைகளின் வரிசை என்ற எண்ணம் பதிந்துபோனது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் நடுவில் கை எந்த வழியாகப் போனது என்பதற்குப் படம் இல்லை.

சினிமாவில் இருந்தது என்று சொல்லலாம். 1948ல் வெளியான உதய சங்கரின் ‘கல்பனா’ சென்னை ஜெமினி ஸ்டுடியோவில்தான் உருவானது. சத்யஜித் ராய் 1976ல் பாலசரஸ்வதியை வைத்து ‘பாலா’ எடுத்தார். கடற்கரையில் பாலா அபிநயம் பிடிக்கிறார், காற்று அவருடைய சேலையைப் பிடிக்கிறது. அந்தச் சுருளை ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓடும்போது தெளிவாக இருந்த கை, நிறுத்திய சட்டத்தில் கலங்கியிருக்கும். நொடிக்கு 24 சட்டம் ஓடும் சினிமாக் கேமராவில் ஒவ்வொரு சட்டமும் வழக்கமாக நொடியில் 48ல் ஒரு பங்கு வெளிச்சம் வாங்குகிறது. வேகமாகப் போகும் கை அதற்குள் நகர்ந்துவிடுகிறது. அந்தக் கலங்கல்தான் திரையில் ஆட்டத்தை வழுவழுப்பாகக் காட்டுகிறது. கலங்கல் இல்லாத சட்டங்களை ஓட்டினால் ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும்.

புகைப்படத்தில் இதே கலங்கலை வேண்டி வரவழைப்பது எப்படி? கேமராவை டிரைபாடில் பூட்ட வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 100க்குக் குறைத்து, துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கி, ஷட்டரைக் கால் நொடி, அரை நொடி, ஒரு நொடி என்று திறந்து வைக்க வேண்டும். பின்னணி கறுப்பாக இருந்தால் நல்லது, கறுப்பில் எதுவும் பதிவதில்லை என்பதால் ஆடுபவர் விட்டுச் செல்லும் ஒளி மட்டும் படத்தில் சேரும். ஷட்டர் மூடும் தறுவாயில் ஃபிளாஷ் ஒருமுறை அடித்தால் தடம் மங்கலாகப் பின்தொடர, கடைசி நிலை கூர்மையாக நிற்கும். ஷட்டர் திறக்கும்போதே அடித்தால் தடம் ஆடுபவருக்கு முன்னால் ஓடும், ஆட்டம் பின்னோக்கிப் போவதுபோல் ஆகிவிடும். இதைத் தெரியாமல் கெட்டுப்போன படங்கள் ஏராளம்.

எவ்வளவு நேரம் திறப்பது என்பதைத் தாளம் தெரிந்தவர்தான் சரியாகச் சொல்ல முடியும். தட்டடவை மூன்று காலத்தில் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் காலத்தில் நொடிக்கு ஒரு தட்டு என்றால் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கால் நொடி ஷட்டர் முதல் காலத்தில் ஒரு தட்டின் கால் பாகத்தை மட்டும் பிடிக்கும், பாதம் எழுவதோ இறங்குவதோ ஏதோ ஒன்று. அதே கால் நொடி மூன்றாம் காலத்தில் எழுந்து இறங்கும் ஒரு முழுத் தட்டைப் பிடித்துவிடும். ஆக, ஷட்டர் எண்ணை நட்டுவனாரிடம் கேட்டு வைப்பது தப்பில்லை.

பரதத்துக்கும் இந்த முறைக்கும் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. ஓரிடத்தில் ஒரு பொருள் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் அங்கே சேரும். அடவு என்பது ஓடி, நின்று, ஓடுவது. நாட்டடவில் கை நீண்டு போய் ஒரு கணம் நிற்கும், கண் அங்கே போகும், பிறகுதான் திரும்பும். அரை நொடிப் படத்தில் அந்த நிற்கும் இடம் அழுத்தமாகவும் போன வழி மெல்லிய சாயலாகவும் விழுகிறது. தீர்மானத்தின் முத்தாய்ப்பில் இது இன்னும் தெளிவு. நிலையும் அதற்கு வந்த வழியும் ஒரே படத்தில் கிடைக்கிறது. நாச்சியப்பன் தந்த சிற்பமும் போகவில்லை, அந்தச் சிற்பம் எப்படி உண்டாயிற்று என்பதும் தெரிகிறது. மோகினியாட்டத்தைப் போல் நிற்காமல் ஊசலாடும் ஆட்டத்தில் இந்த அழுத்தம் கிடைக்காது, அங்கே படம் வேறு மாதிரி வரும்.

கரையின் வேலையும் இங்கேதான். உடம்பின் தோல் நிறம் கலங்கும்போது பரவிப்போய்ப் பின்னணியில் கரைகிறது. சிவப்போ பச்சையோ பட்டு உடல் ஒரு திரை மாதிரி விரிகிறது. சரிகை மட்டும் கரையாது. அதன் ஒவ்வொரு பளிச்சும் சுற்றியிருப்பதைவிடப் பலமடங்கு வெளிச்சம் என்பதால், நகரும்போது ஒரு கோடாக இழுபடும். விசிறி மடிப்பின் ஓரங்களில் தைத்த கரை அரைமண்டியில் விரியும்போது ஒன்றுக்குள் ஒன்றாக வில்கள் விழுகின்றன. லேசான பட்டு என்றால் வில் நீளம். இன்று விலை குறைந்த சேலைகளில் செம்பை வைத்துச் செய்யும் சரிகையும் பாலியெஸ்டர் சரிகையும் வருகின்றன. புதிதில் அவையும் பளபளக்கும், பல மேடை பார்த்த பிறகு மங்கிவிடும்.

ஆரணியில் பரதம் கற்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வட்டாரத்தின் சொந்த ஆட்டம் கூத்து. ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்தம் என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவு முழுக்கக் கூத்து நடக்கும். செய்யாற்றைச் சேர்ந்த புரிசை, கண்ணப்ப தம்பிரான் பரம்பரையால் உலகறிந்த ஊர். ந. முத்துசாமியும் கூத்துப்பட்டறையும் கண்ணப்ப தம்பிரானிடமிருந்துதான் நவீன நாடகத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990ல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

கட்டை வேஷக்காரரின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. தலையில் வைத்து விடியவிடிய ஆட வேண்டும் என்பதால் அந்த லேசான மரம். அதன்மேல் வண்ணத் தாளும் ஜிகினாவும் ஒட்டி, இடையிடையே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார்கள். தீவட்டி வெளிச்சத்தில் எட்ட உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குத் துரியோதனன் வந்துவிட்டான் என்று முதலில் சொன்னவை அந்தக் கண்ணாடிகள். திரை விலகியதும் வேஷக்காரர் ஆடுகளமான களரியைச் சுற்றி ‘கிரிக்கி’ போடுவார், நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டும் வேகமாகச் சுழலும் சுழற்சி. அடுக்கடுக்காகக் கட்டிய பாவாடை குடையாக விரியும், சலங்கை ஒரே இரைச்சலாகும்.

நெடுநேர ஷட்டருக்கு இதைவிடத் தோதான காட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நொடி என்று கொண்டால், அரை நொடிப் படத்தில் ஒவ்வொரு கண்ணாடியும் அரைவட்டம் போடும். கிரீடத்துக் கண்ணாடி சிறு வட்டம், தோளில் இருக்கும் புஜக்கட்டைக் கண்ணாடி பெரிய வட்டம். நடுவில் முகம் கிடையாது, பாவாடை ஒரு நிறப் புகை. பரதத்தின் படத்தில் நின்ற இடம் அழுந்தியதைப் போல இங்கே எதுவும் அழுந்தாது, கிரிக்கி எங்கும் நிற்பதில்லை.

விளக்கு மாறினால் இந்தக் கோடும் மாறும். தீவட்டியின் சுடர் ஆடுவதால் கோடு தடித்தும் மெலிந்தும் போகும். பிறகு வந்த பெட்ரோமாக்ஸின் மேன்டில் ஒரே சீராக எரியும், கோடும் அறுபடாமல் போகும். சோக் வைத்த பழைய டியூப்லைட் அப்படி இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, விளக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு தடவை மங்கி எழுகிறது, ஆக நொடிக்கு 100 தடவை. கண்ணுக்கு இது தெரியாது. சுழலும் கண்ணாடித் துண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அரை நொடியில் அது போடும் கோடு, 50 புள்ளிகளாக விட்டுவிட்டு விழுந்திருக்கும். இப்போதைய எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகளிலும் மலிவானவை இப்படித் துடிப்பவையே. ஒரு கூத்துப் படத்தை உருப்பெருக்கிப் பார்த்தால், அன்றைக்குக் களரியில் எந்த விளக்கு எரிந்தது என்று கோட்டை வைத்துச் சொல்லலாம். ஆண்டு எழுதாத பழைய கூத்துப் படங்களைக் காலவாரியாகப் பிரிக்க இது நல்ல சாட்சி.

இத்தனை வளம் இருந்தும் இந்த வகைப் படங்கள் நம்மிடம் குறைவாகவே சேர்ந்தன. ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி எடுக்கும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. சபா மேடை வெளிச்சம் போதாமல் தானாகவே கலங்கி வந்த படங்களைப் பத்திரிகைகள் ஏற்கவில்லை, பலர் தூக்கிப் போட்டார்கள். பல ஆண்டுகள் இந்திய நடனங்களைப் படமெடுத்த சுனில் ஜானா, அவினாஷ் பஸ்ரிச்சா போன்றோரின் புகழும் பெரும்பாலும் தெளிவான கணங்களால் வந்ததே. நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் ஆக்கங்களுக்கு விளக்கு அமைத்தவரே படமும் எடுத்தார் என்பது அபூர்வமான வாய்ப்பு. சதானந்த் மேனன் அந்த இரண்டையும் செய்தார்.

இன்று செலவு ஒரு தடையில்லை. டிஜிட்டல் கேமராவில் அடுத்த நொடியே பார்த்துவிடலாம், செல்போனிலேயே நெடுநேரப் படத்துக்கு வசதி உண்டு. ஆனால் மார்கழி சீசனில் வரும் படங்களைப் புரட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் அந்தரத்தில் நிறுத்திய தாவல்களே அதிகம். கேமரா வேகமாகிவிட்டது என்பதற்காக ஆட்டம் மறுபடியும் நின்றுபோக வேண்டியதில்லை. கூத்து வாத்தியார்களும் நட்டுவனார்களும் தங்கள் வழிமுறையைக் கடைசித் தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் இடங்களில், வீடியோவோடு இந்தப் படங்களும் வேண்டும். வீடியோ ஓடி மறையும். கை போன வழியை ஒரே தாளில் விரித்துவைத்துக்கொண்டு மாணவரோடு பேச இந்தப் படம்தான் உதவும்.

எடுப்பவர்கள் ஒவ்வொரு படத்தோடும் சில விவரங்களைச் சேர்த்து எழுதிவைத்தால் அதன் பயன் பலமடங்கு கூடும். எந்த ஊர்க் களரி, எந்தக் கூத்தின் எந்தக் கட்டம், என்ன தாளம், எந்தக் காலம், ஷட்டர் எத்தனை நொடி, விளக்கு என்ன வகை, ஆடியவர் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார். உடுத்தியிருப்பது பட்டு என்றால் அது எந்த ஊர்த் தறி, சரிகை சுத்தமா கலப்பா என்பதையும் கேட்டு எழுதலாம். ஆரணியில் அதைச் சேலையைத் தொட்டே சொல்லக்கூடியவர்கள் இன்னும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.